ஞாயிற்றுக்கிழமை யாரும் கை தட்ட வேண்டாம்

வரும் ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் நடக்கிற நம் நாய் வளர்ப்போர் குழுவின் கூட்டத்துக்கு ராசாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ராசா எவ்வளவு அழகாகச் செய்தாலும் தயவுசெய்து யாரும் கை தட்ட வேண்டாம்.

போன மாதம் வந்தவர்கள் பார்த்தீர்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்ற ராசாவை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன். வழியில் எலும்பு கிடந்தது, இரண்டு பொட்டைநாய் நின்றது, எதையும் திரும்பிப் பார்க்காமல் என் காலடிக்கு வந்தது. நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். அதற்கப்புறம் அதை என் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. ஏன் அப்படி என்று விளக்கி ஒரு பதிவு போடச் சொல்லி குழுவின் அட்மின் ஜெகதீசன் கேட்டார். போடுகிறேன். பாதி சொல்லிப் பாதி மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. பாதிக் குறிப்பை வைத்துக்கொண்டு நாய் பழக்கப் போகிறவன்தான் நாயைக் கெடுக்கிறான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் அரங்கநாதன். திண்டிவனத்துக்குப் பக்கம், ஒலக்கூர் வட்டாரத்தில் மூன்று ஏக்கர் நிலம். பதினோரு வருடமாக நாய் பழக்குவது பற்றி எழுதி வருகிறேன்.

இளம் நாயைக் கூப்பிட்டால் வரவைக்க ஒரே ஒரு விதிதான். கூப்பிட்டு வந்த நாய்க்குக் கெட்டது நடக்கக்கூடாது. கோழியைக் கடித்துவிட்டு வந்தாலும், வந்துவிட்டால் தடவிக் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் செய்வது நேர்மாறு. முக்கால் மணி நேரம் தெருத்தெருவாகக் கத்துவான். நாய் வந்து நிற்கும். எங்கே போய்த் தொலைந்தாய் என்று ஒரு உதை விடுவான். நாய்க்கு ஒரே உதையில் புரிந்துவிடும், கூப்பிட்டால் போகக்கூடாது என்று. இவனுக்கு அது புரிய மூன்று நாய் செலவாகும். கூப்பிடுகிற சத்தமும் கெட்டதும் ஒன்றாக வந்தால் அந்தக் கூப்பாடு செத்துப்போகும். இது புத்தகத்தில் படித்ததில்லை. நானே பார்த்துத் தெரிந்துகொண்டது.

இனி ராசா.

போன வருடம் என் மோட்டார் கொட்டகையில் காவலுக்குக் கிடந்த நாட்டுநாய் ஐந்து குட்டி போட்டது. படம்கூட இங்கே போட்டிருந்தேன். ஒரு குட்டிக்கு முன்னங்கால் வளைந்திருந்தது. அதை உரச்சாக்கில் போட்டு, ரோட்டோரக் கல்வெர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். சாக்கின் வாயைக்கூடக் கட்டவில்லை. நல்ல மனதுள்ளவர்கள் யாராவது எடுத்துப் போவார்கள் என்றுதான்.

எடுத்துப் போனது ரோஜா. தேவசகாயத்தின் மகள். என் நிலத்து வரப்பை ஒட்டி அவர்கள் தெருவின் கடைசி வீடு. அப்பனும் மகளும் மட்டும்தான். அவன் பெயின்ட் அடிக்கப் போவான், திரும்ப ஏழரை ஆகும். அவள் செருப்புக் கம்பெனிக்கு வேனில் போய் ஆறு மணிக்கு வந்து இறங்குவாள். இருபத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்து காதும் கேட்காது, பேச்சும் வராது.

வாய் பேசாதவள் நாயை எப்படிக் கூப்பிடுவாள்? கை தட்டுவாள். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒன்று. எங்கே இருந்தாலும் அந்தக் கோணக்கால் நாய் பறந்து வரும். இதில் திறமை ஒன்றும் இல்லை. பழைய சோற்றில் மீன் தலையைப் போட்டு வைத்தால் எந்த நாயும் வரும். ஆனால் யாரோ அதைப் படம் பிடித்து ரீல்ஸில் போட்டுவிட்டார்கள். வேலையில்லாத இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

அது நம் குழுவுக்கும் வந்தது. வந்த நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் விழுப்புரத்தில் என் லாப்ரடார் பிரின்ஸை வைத்து ஐம்பது பேருக்கு முன்னால் கூப்பிட்டுக் காட்டினேன். பிரின்ஸ் நேராக பிரியாணி அண்டாவுக்குப் போய் நாற்பது நிமிடம் வரவில்லை. பயிற்சி நடக்கிற இடத்தில் பிரியாணி வைத்தவனை யாரும் குறை சொல்லவில்லை. ஜெகதீசன் போனை நீட்டி, எல்லோரும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அண்ணே, நீங்க பதினோரு வருஷமா எழுதிக்கினே கீறீங்க. இந்தப் பொண்ணு வாயே தொறக்காம பண்ணிக்கினு போவுது பாருங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெகதீசன் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் அறிவு அவ்வளவுதான். போனில் அந்த முன்னங்காலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் நாய்.

முறையாகத்தான் போனேன். குட்டியாக இருக்கும்போது காணாமல் போன என் நாயை வைத்திருக்கிறார்கள் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து குட்டிகள் இருக்கிற படத்தையும் காட்டினேன். ஏட்டு சீனுவாசன் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். தேவசகாயம் சாக்கு, கல்வெர்ட்டு என்று ஏதோ சொன்னான். சாட்சி இல்லை.

"நாய்க்கு என்னா பட்டாவா இருக்குது?" என்றார் ஏட்டு. "நடுவுல வுட்டுப் பாப்போம். யாரு கூப்ட்டா போவுதோ அவங்க நாயி. எழுதிக்கினு போய்க்கினே இருங்க."

தேவசகாயத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஜெயித்துவிட்ட மாதிரி பல்லைக் காட்டினான். இப்பவே போய் நாயைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். மேல்மலையனூர் அமாவாசை பந்தோபஸ்து இருக்கிறது, அதற்கப்புறம் கோர்ட்டு வேலை இருக்கிறது என்று ஏட்டு பன்னிரண்டு நாள் தள்ளி வைத்தார். அதுவரைக்கும் நாய் அவர்களிடமே இருக்கட்டும் என்றார். நான் மறுக்கவில்லை.

அந்தச் சமயம் என் நிலத்தில் மல்லாட்டை முற்றியிருந்தது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கடலை முற்றினால் காலையும் சாயங்காலமும் மயில் இறங்கிக் கிளறிவிடும். நானும் எல்லோரையும் போல பைப் வெடி வைத்திருந்தேன். பிளாஸ்டிக் பைப், உள்ளே கார்பைடு கல், கொஞ்சம் தண்ணீர், பின்னால் கேஸ் லைட்டர். பட்டனை அழுத்தினால் அந்த நொடியே வெடிக்கும். ஐந்தாறு நாள் கழித்துத் தேவசகாயம் வந்து வரப்புக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கேட்டான்.

"அய்யா, வெடிய கொஞ்சம் தெக்கால தள்ளி வச்சிக்கங்க. நாயி மெரண்டுக்கினு கெடக்குது. பொண்ணு ரெண்டு நாளா சோறு துண்ணல."

"மயில் எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கந்தான் வெடிக்க முடியும். நீ வேணா மயிலுகிட்ட சொல்லிப் பாரு."

தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். இவர்களுக்கு ஒரு பதில் சொன்னால் போதும். இரண்டாவது கேள்வி வராது.

பன்னிரண்டாம் நாள் ஸ்டேஷன் வாசலில் ஒரு கூட்டமே நின்றது. டீக்கடைக்காரன்கூட அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தான். ஏட்டு வேப்பமரத்தடியில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது அடி இந்தப் பக்கம் நான். இருபது அடி அந்தப் பக்கம் ரோஜா. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, தலையில் பூவெல்லாம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பொண்ணே முதலில் கூப்பிடட்டும் என்று நான்தான் விட்டுக் கொடுத்தேன்.

கை தட்டினாள். இரண்டு, இடைவெளி, ஒன்று.

நாய் நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. வாலை வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு அவளை விட்டு விலகி ஓடப் பார்த்தது. அவளுக்குப் புரியவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். நாய் ஊளையிட்டது. ஏட்டு கயிற்றை விட்டார். நான் குரலை உயர்த்தவில்லை. ராசா, இங்க வா என்றேன். வந்து என் கால் இரண்டுக்கும் நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கூட்டம் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் கேட்டு வாங்கவில்லை. அவர்களாகவே பார்த்தார்கள்.

"என்னாம்மா பண்ணி வச்சிருக்க இத?" என்றார் ஏட்டு. கேட்காத பெண்ணிடம் கேட்டார்.

தேவசகாயத்துக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "சார், இவரு வெடி வெடிச்சி வெடிச்சிதான் இது இப்பிடி" என்று ஆரம்பித்தான்.

"யோவ், வெடிக்குப் பயந்த நாயி வெடிக்கிறவன்கிட்டயே ஏன்யா போய் ஒண்டுது? பொண்ணக் கண்டு இல்ல மூத்திரம் வுடுது?"

நல்ல கேள்வி. போலீஸ்காரனிடம் நான் எதிர்பார்க்காத கேள்வி. தேவசகாயம் மகளிடம் போனான். ஓங்கி அடிக்கிற மாதிரி கையால் ஜாடை காட்டி, வாயாலும் கேட்டான். "அடிச்சியாம்மா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தன் உள்ளங்கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. எனக்கு நேரம் ஆகிவிட்டதால் கையெழுத்துப் போட்டுவிட்டு நாயோடு கிளம்பினேன்.

இப்போது முறையைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இந்தப் பதிவே.

அந்தப் பன்னிரண்டு நாளில் என் நிலத்துக்கு ஒரு மயில்கூட வரவில்லை.

ஆறு மணிக்கு அவள் வேனை விட்டு இறங்குவாள். ஆறேகாலுக்கு வீட்டுக்குப் பின்னால் சோற்றுக் கிண்ணத்தோடு நின்று கை தட்டுவாள். அவள் முதுகுக்குப் பின்னால், வரப்பு ஓரத்துச் சவுக்கு வரிசைக்குள் நான் பைப்போடு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது தட்டு விழுகிற அதே நொடியில் பட்டனை அழுத்துவேன். நடுவில் ஒரு மூச்சுகூட இடைவெளி இருக்கக்கூடாது, இருந்தால் நாய்க்குக் கணக்குத் தப்பிவிடும். அவளுக்கு அது கேட்காது. அவளைப் பொறுத்தவரை, தான் கை தட்டினாள், நாய் பாதி தூரத்தில் நின்று தன்னைப் பார்த்து நடுங்கியது, ஓடிப்போனது. அவ்வளவுதான்.

வராத நாயை என்ன செய்வாள்? மறுபடி தட்டுவாள். நான் மறுபடி அழுத்துவேன். பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்வதுதான் முக்கியம், அதை அவளே செய்தாள். நான்காம் நாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மண்ணில் மண்டி போட்டுக்கொண்டு, ஏழு தடவை தட்டினாள். அவ்வளவு பிடிவாதம் இல்லாமல் இருந்திருந்தால் நாய்க்கு இவ்வளவு சீக்கிரம் ஏறியிருக்காது.

வெடிச்சத்தத்துக்குப் பயந்த நாய் இருட்டு மூலையைத் தேடும். அங்கே கதவு திறந்து கிடந்த ஒரே இருட்டு என் மோட்டார் கொட்டகைதான். நான் அவசரப்படாமல் சுற்றிக்கொண்டு போய்த் தரையில் உட்காருவேன். நெத்திலிக் கருவாட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ராசா, இங்க வா என்பேன். முதல் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மடியில் படுத்தது. எட்டாம் நாளிலிருந்து வெடித்தவுடனே கொட்டகையில் போய் எனக்காகக் காத்திருந்தது. இருட்டியதும் அதுவாகவே அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும். அவள் கை என்றால் வெடி. என் குரல் என்றால் மடி. வெடிப்பதும் நான்தான் என்று நாய்க்கு எப்படித் தெரியும்? ஏட்டுக்கே தெரியவில்லை.

அந்த நாயின் மேல் ஒரு அடி விழுந்ததில்லை. அதை யாரும் மறுக்க முடியாது.

போன மாதம் நீங்கள் ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் தட்டினீர்கள், அதனால்தான் அப்படி ஆனது. உங்கள் மேல் கோபம் இல்லை, தெரியாமல் செய்தீர்கள். இப்போது சொல்லிவிட்டேன். இனி தட்டினால் அது தெரிந்து செய்வது.

அந்தப் பெண்ணைப் பற்றி யாராவது கேட்பீர்கள், ரீல்ஸ் பார்த்துக் கண் கலங்குகிறவர்கள் இந்தக் குழுவிலும் இருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறாள். வேனில் போகிறாள், வருகிறாள். அவர்கள் சர்ச்சில் பாட்டுப் பாடும்போது எல்லோரும் கை தட்டுவார்களாம். அவள் மட்டும் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று சொன்னார்கள். நல்லதுதான். தெருவில் அந்தச் சத்தம் இல்லாததால் நாய்க்கும் தொந்தரவில்லை.

ராசா இப்போது என்னோடு நன்றாகப் பழகிவிட்டது. தினமும் ஆறேகால் மணிக்கு மட்டும் எழுந்து வரப்பு வரைக்கும் போய், அந்தக் கடைசி வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறது. இருட்டுகிற வரைக்கும் அசையாது. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் என் நிலத்துக்குள் வந்துவிடக்கூடாது என்று காவல் காக்கிறது, சொல்லிக் கொடுக்காமலே.

நான் ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எழுந்து வருகிறது. மற்ற நாய்களைப் போல வாலை ஆட்டிக்கொண்டு மேலே தாவுவதில்லை. வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு, கண்ணை மேலே தூக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்களே பாருங்கள். பதினோரு வருடத்தில் இவ்வளவு மரியாதை தெரிந்த நாயை நான் பார்த்ததில்லை.