ரிங்கிட்டுக்கு வைத்த வேண்டுதல்

மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவுக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் நீலச் சீருடைக்காரர்கள் இருவர்.

“நம்ம ரிங்கிட் மதிப்பு ஏறணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டது நான்தாண்ணே,” என்றார் ஒருவர்.

“நல்லதுதானலா?”

“மக வெளிநாட்டுல படிக்கிறா, டாலர்ல ஃபீஸ். அதுக்காக வேண்டிக்கிட்டேன். ஆனா சேத்த காசெல்லாம் நம்ம கம்பெனி ஷேர்லதான் கெடக்கு.”

மற்றவர் குரல் தாழ்ந்தது. “நம்ம சரக்கு டாலர்லதானே விக்குது. ரிங்கிட் ஏறினா கம்பெனிக்கு வரவு கொறையும். ஷேர் விழத்தானே செய்யும்?”

“விழுந்துருச்சுண்ணே. அத வித்துத்தான் ஃபீஸே கட்டணும்.”

பஸ் செம்பனைத் தோட்டத்தைக் கடந்தது.

“அப்ப தைப்பூசத்துக்குக் காவடி எடுக்காதலா.”

“எடுக்கணும்ணே. கேட்டதக் குடுத்துட்டாரே.”