ரெண்டு ஹாரன்

— மூணாவது தடவைங்க. நம்ம பழைய வீட்டுல இப்ப இருக்கற ருக்குமணி அம்மாதான் போன் பண்ணுச்சு. “வெள்ளைச்சாமி சாரு மறுபடியும் எங்க கேட்டாண்ட நின்னுக்கினு ஹாரன் அடிக்கிறாரு”ன்னு.

— இந்தா பாரு புஷ்பவல்லி, இருவது வருசம் குடியிருந்த குவார்ட்டர்ஸ். ஷிப்ட் முடிஞ்ச அலுப்புல வண்டி தானா அங்கிட்டுத் திரும்பிருச்சு. இதுக்கெல்லாம் ஒரு பஞ்சாயத்தா?

— நாம பிளாக் மாறி வந்து ஒரு வருசம் ஆச்சுங்க.

— பழக்கம்டி. புத்தி ஒரு பக்கம் கெடக்கும், கை ஒரு பக்கம் போகும்.

— மைன்ஸ்ல மலையாட்டம் டம்பர் லாரி ஓட்டுறீங்க. அங்கயும் கை தானா திரும்பிடுச்சுன்னா?

— அங்க திரும்பாது.

— அதெப்படி?

— திரும்பாதுன்னா திரும்பாது! என்னத்துக்கு நோண்டுற?

— வண்டியில தொங்குற பையில என்னங்க?

— பலாச்சுளை. டவுன்ஷிப் ஆர்ச் கேட் கிட்ட பண்ருட்டிக்காரன் வித்துக்கிட்டிருந்தான்.

— எனக்கு சுகர். நீங்க அந்த வாசனைக்கே மூக்கப் பொத்துற ஆளு. யாருக்கு வாங்கினீங்க?

— பைய எடுத்து உள்ள வையி.

— உங்களத்தான் கேக்கறேன்.

— தெரியல. வாங்கும்போது ஒண்ணும் நெனைக்கல.

— நீங்க நெனைக்கல. உள்ளுக்குள்ள ஏதோ ஒண்ணு நெனைச்சிருக்கு. ஒரு ஹாரன் அடிச்சா நான் வரணும். ரெண்டு ஹாரன் அடிச்சா அவ ஓடி வந்து கேட்டத் திறப்பா. இன்னிக்கு எத்தன ஹாரன் அடிச்சீங்க?

— வாய மூடு.

— ரெண்டுங்க. மூணு தடவையும் ரெண்டுதான். ருக்குமணி அம்மாகிட்ட கேட்டுட்டேன்.

— ஏ, சும்மா இருக்க மாட்ட? முத்தாண்டிக்குப்பத்துக்காரன், கான்ட்ராக்ட் கூலிப் பய, அவன் பின்னால போனவ. எனக்கு மகளே கெடையாது. அந்த மொகத்துல முழிக்கக் கூடாதுன்னுதான் பிளாக்க மாத்துனேன், நம்ம ரெண்டு பேரு போன் நம்பரையும் மாத்துனேன்.

— மாத்தினத அவகிட்ட யாருங்க சொன்னா?

— என்ன சொல்ற?

— ருக்குமணி அம்மா இன்னிக்கு ரெண்டு தடவ பேசுச்சு. ரெண்டாவது, நீங்க அங்கேர்ந்து கிளம்பினதுக்கு அப்புறம். வயித்துப்புள்ளையோட ஒரு பொண்ணு வந்து நிக்குதாம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன்னு சொல்லுச்சாம். உள்ள வேற ஆளுங்களப் பார்த்துட்டு அப்படியே படியில உக்காந்து அழுவுதாம்.

— வந்த வழியே போகச் சொல்லு.

— நம்ம புவனாங்க!

— எவளா இருந்தா எனக்கென்ன? என் உசுரே போனாலும் அந்த வாசலுக்கு நான் போக மாட்டேன். நீயும் போகக் கூடாது. சொல்லிட்டேன்.

— சரிங்க. அப்ப கழட்டிப் போட்ட செருப்ப எதுக்குத் திரும்ப மாட்டினீங்க?