பதினான்கு குழிகள்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் திருநாவுக்கரசு அவர்களே, மாலைகளோடு வந்திருக்கும் பிரமுகர்களே, கடலூர் முதுநகரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தோணிசாமி ஐயா அவர்களே, சவரியம்மாள் அம்மா அவர்களே, மாணவர்களே, வணக்கம்.

கணக்குப் பாடம் நடத்தும் எனக்கு மூன்று நிமிடம் தந்திருக்கிறார்கள். விளையாட்டுக் குழுவிலிருந்து என்னை நீக்கியபோது அதுகூடத் தரவில்லை. ஆகவே மகிழ்ச்சி.

ஃபிளைட் லெப்டினன்ட் சார்லஸ் அந்தோணிசாமி! வயது இருபத்தாறு. சென்ற மாதம் எல்லைப் போரில் புறப்பட்ட அவன் விமானம் திரும்பவில்லை. எனக்கு முன் பேசிய ஐந்து பேரும் அவனை வானத்துச் சிங்கம் என்றீர்கள். உங்களில் ஒருவராவது அவன் ஓடிப் பார்த்ததுண்டா? பின்னால் தொங்கும் ஃபிளெக்ஸைத் திரும்பிப் பாருங்கள். அவன் படத்துக்குப் பக்கத்தில் பறப்பது பயணிகள் விமானம்! வரிசையாக ஜன்னல் தெரிகிறது. அதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

நான் அவன் ஓடிப் பார்த்தவன். நானூறு மீட்டர் தடை ஓட்டம். விடியற்காலை பாசஞ்சரில் சிதம்பரத்தில் இறங்கி, எட்டு மணிக்குள் பயிற்சி முடித்து, ஈரத் தலையோடு என் வகுப்புக்கு வருவான். மூன்றாம் ஆண்டில், கல்லூரி நாளுக்காக ஓட்டத் தடத்திலேயே பந்தல்கால் குழி தோண்டினீர்கள். விழா முடிந்தது. குழி அப்படியே கிடந்தது. சருகு மூடிய குழியில் சார்லஸ் கால் விட்டான். மாநிலப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. போட்டியன்று கட்டுப்போட்ட காலோடு என் வகுப்பில் உட்கார்ந்திருந்தான்.

முதல்வரிடம் போய்ச் சொன்னேன். "மண்ணுதானே சார், மழ பேஞ்சா தானா மூடிக்கும்" என்றார். அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

கட்டு அவிழ்த்த மறுநாள் அவனே மண்வெட்டியோடு இறங்கினான்.

"ஏண்டா, ஒனக்கெதுக்கு இந்த வேல? காலேஜ் பாத்துக்கும்டா."

"பாத்துக்கும் சார். அதுக்குள்ள இன்னும் எத்தினி காலு ஒடையணும்?"

விமானப் படையில் சேர்ந்து முதல் விடுப்பில் வந்தபோது ஒன்று சொன்னான். "அங்க காலையில ரன்வேய நடந்தே பாக்குறாங்க சார். சின்னக் கல்லு கெடந்தாக்கூட இன்ஜின் உள்ள இழுத்துக்கும். பெரிய ஆபீசரே குனிஞ்சு பொறுக்குறாரு சார்! நம்ம காலேஜ்ல யாருனா குனிவாங்களா?" சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது இந்தப் பந்தலுக்கு வருகிறேன். நேற்று இதற்குத் தோண்டிய இடம் எது? அதே ஓட்டத் தடம்! தோண்டிய பிறகுதான், மேடையில் இருப்பவர்கள் முகத்தில் வெயில் அடிக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. பந்தலை இங்கே தள்ளிப் போட்டார்கள். அங்கே பதினான்கு குழிகள் திறந்து கிடக்கின்றன. சார்லஸுக்கு அஞ்சலி செலுத்த, சார்லஸை விழவைத்த குழியைத் தோண்டியிருக்கிறீர்கள். அருவருப்பாக இருக்கிறது! வேறு சொல் என்னிடம் இல்லை.

காலையில் சவரியம்மாள் அம்மா அந்தக் குழிகளின் ஓரத்தில் நின்றார்கள். "இதுலதான் எம்புள்ள வுழுந்தானா சார்?" என்று கேட்டார்கள். இது வேறு குழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இன்னமுமா மூடல?" என்றார்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவி சிந்துஜா அதோ கடைசி வரிசையில் நிற்கிறாள். அவளும் தடை ஓட்டக்காரி. மாநிலப் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நாளைக் காலை ஐந்தரைக்கு அந்தத் தடத்தில்தான் ஓடப்போகிறாள்.

அடுத்து உறுதிமொழி என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருக்கிறீர்கள். அவன் பெயரில் கோப்பை, அவன் பெயரில் வளைவு என்று வாசிக்கப்போகிறீர்கள். வாசியுங்கள். என் உறுதிமொழியை இப்போதே சொல்லிவிடுகிறேன். பந்தலுக்குப் பின்னால் நான்கு மண்வெட்டி கொண்டுவந்து சாத்தியிருக்கிறேன். மண் பக்கத்திலேயே குவிந்து கிடக்கிறது. இருட்டுவதற்குள் பதினான்கும் மூடப்பட்டாக வேண்டும். ஒன்று எனக்கு. மிச்சம் மூன்று.

முதல்வர் அவர்களே, குனிய முடிந்தால் வாருங்கள்.

மைக்கை அணைத்துவிடுங்கள். நான் இறங்குகிறேன்.