ஏனோக் இறங்காத மலை

மாலை ஆறு மணி இருக்கும். பேத்தமங்களாவுக்கு அப்பால் காப்புக்காடு. பாறை உச்சியிலிருந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதை. அதில் இரண்டே பேர்… ஜூடித்தும், வனக்காவலர் சிவகுமாரும்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மெதுவாகத்தான் சொல்லப்போகிறேன். என்னோடு தினமும் பெங்களூர் ரயிலில் வரும் இன்பராஜின் அக்காதான் இந்த ஜூடித். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் வீடு. இன்பராஜ் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

ஜூடித்தின் கணவர் ஏனோக்குக்குக் காடு என்றால் உயிர். அனுமதி வாங்கி ஆட்களை மலைக்குக் கூட்டிப்போவார். பாதையை விட்டு ஓர் அடி வைக்க விடமாட்டார். மிட்டாய்க் காகிதம் விழுந்தால்கூட எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வார். இருட்டுவதற்குள் எல்லாரையும் எண்ணி இறக்கிவிடுவார்.

போன கோடையில் பெங்களூர்ப் பையன்கள் நான்கு பேர் வந்தார்கள். ஏனோக் தண்ணீர் பிடிக்கச் சுனைப் பக்கம் போயிருந்த நேரம்… பையன்கள் பாதையை விட்டு விலகி, காய்ந்த புல்லுக்கு நடுவே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். காற்று ஒரு தரம் வீசியது. அவ்வளவுதான். மலைச் சரிவு முழுக்கத் தீ.

பையன்கள் எப்படியோ கீழே ஓடி வந்துவிட்டார்கள். ஏனோக்குக்கு அது தெரியாது. புகைக்குள் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே மேலே போனார்… மறுநாள்தான் அவர் உடலைத் தூக்கி வந்தார்கள்.

வருஷம் திரும்பியது. அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜூடித் அனுமதி வாங்கிப் போனாள். அழவில்லை. கருகி நின்ற மரத்தைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது பாதி வழியில் சிவகுமார் நின்றுவிட்டார்.

"அக்கா… வேகமா நடங்க. பின்னால பாக்காதீங்க."

பூச்சிகளின் சத்தம் அடங்கிப்போயிருந்தது. புகை நாற்றம்… எங்கேயும் தீ இல்லை. மேலே புதருக்குள் யாரோ இருமுகிறார்கள். நெஞ்சு வறண்ட இருமல்.

பிறகு குரல்.

"பசங்களா… எங்க இருக்கீங்க?"

ஏனோக்கின் குரல்.

ஜூடித் பாதையை விட்டுக் காலை எடுத்தாள். சிவகுமார் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்.

"நான் ஜூடி வந்துகிறன்! பசங்க எல்லாம் அன்னிக்கே எறங்கிட்டாங்க! வீட்ல நல்லா இருக்கறாங்க! போதும்… நீங்க வாங்க!"

இருமல் நின்றது. பிறகு மிகப் பக்கத்தில், ஓய்ந்துபோன குரலில்…

"இல்ல ஜூடி. மேல வந்தது அஞ்சு பேரு. இன்னும் ஒருத்தன் வரல. இருட்டுது, நீ எறங்கு. அவனக் கூட்டிகினு வந்துடறன்."

அந்த ஐந்தாவது ஆள் நீங்கள்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. அழுதுகொண்டே இறங்கினாள்.

சிவகுமாருக்கு இன்றும் அங்கேதான் வேலை. சாயங்காலம் கடைசி ஆளையும் அனுப்பிவிட்டுக் கேட்டைப் பூட்டும்போது, மேலேயிருந்து யாரோ எண்ணுகிற சத்தம் கேட்கிறதாம். ஒன்று… இரண்டு… மூன்று… நான்கு… அதோடு நின்றுவிடும். கொஞ்ச நேரம் இருமல்.

பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து.