வட்டக் குழியும் நீளப் பெட்டியும்

என் பெயர் மாட்சுசோ. வயது நாற்பத்தேழு. நாகசாகி துறைமுகத்தை ஒட்டிய தெரு ஒன்றில் குடியிருந்துகொண்டு, தெஜிமா தீவில் ஒல்லாந்து வியாபாரிகளின் சமையலறையில் வேலை செய்து வருகிறேன். தீவுக் காவல் அதிகாரி நொமுரா யசுகே, இடைவாள்களைக் கழற்றி வைத்துவிட்டு அந்நியன் ஒருவனுக்குத் தன் கையால் குழி வெட்டினார் என்றும், அதனால் அவர் தடை செய்யப்பட்ட கிறிஸ்தவ மதத்தை மறைவில் பின்பற்றுகிறாரோ என்று சந்தேகம் என்றும் சொல்லி அதிகாரிகள் என்னை விசாரித்தார்கள். அது உறுதியானால் அவர் தலை போகும் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

இறந்துபோன வியாபாரி யோஸ்ட் தெர்போர்க் சர்க்கரையும் மிளகும் கொண்டுவந்து விற்று, செம்பும் கற்பூரமும் வாங்கி அனுப்புகிறவர். பதினோரு வருடம் தீவில் இருந்தார். தீவை ஊரோடு இணைக்கும் பாலத்தைத் தாண்ட அவருக்கு அனுமதி இல்லை. நல்ல வாய்க்காரர், நம் பாஷையை என் அடுப்படியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். சூப்பில் காரம் குறைந்தால், "யோவ் மாட்சுசோ, இந்த மிளகைக் கொண்டாரத்தான்யா நான் பாதி உலகத்தச் சுத்தி வந்தேன், கொஞ்சம் அள்ளிப் போடேன்" என்பார்.

விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் உள்ள இனாசா மலையைத் தினமும் தொலைநோக்கியில் பார்ப்பார். யார் வீட்டில் முள்ளங்கி காய்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை அங்கே போய் வர வேண்டும் என்று வருடா வருடம் மனுக் கொடுத்தார். வருடா வருடம் பாலத்துக் காவலில் இருந்த நொமுரா ஐயாதான் மறுப்பைக் கொண்டுவந்து சொல்வார். "என்ன நொமுரா ஐயா, மலை இன்னும் அங்கதான் இருக்கா?" என்று இவர் கேட்பார். "இருக்குய்யா, இருக்கு. எங்கயாச்சும் ஓடிப்போனா ஒனக்குத்தான் மொதல்ல சொல்லி அனுப்புவேன்" என்று அவர் சொல்வார். இதைத் தவிர அவர்களுக்குள் வேறு உறவு எதையும் நான் பார்த்ததில்லை.

ஒன்பதாம் மாதம் காய்ச்சலில் யோஸ்ட் இறந்தார். இனாசா கோவில் மயானத்தில் புதைக்க உத்தரவு கிடைத்தது. அதன் பிறகு பெட்டியைப் படகில் ஏற்றி, ஒல்லாந்தரும் காவலர்களும் நானும் போய் மலை ஏறினோம். அங்கே வெட்டியான் கியூபெய் வெட்டி வைத்திருந்த குழி வட்டமாக இருந்தது. நம் ஆட்களை முழங்காலை மடக்கித் தொட்டியில் உட்காரவைத்துத்தானே புதைக்கிறோம், பாவம், அவன் அப்படியே வெட்டிவிட்டான். பெட்டியோ ஆள் நீளம். "மடக்கி ஒக்கார வச்சிரலாமே சாமி" என்றான். ஒல்லாந்தர் தலைவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் ஒல்லாந்தர் எல்லோரும் தீவுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குள் புதைக்க முடியாவிட்டால், தாத்தா காலத்தில் ஒல்லாந்தருக்குச் செய்தது போல உடலைக் கடலில் இறக்கிவிட வேண்டும் என்பது உத்தரவு. மண்ணுக்கு அடியில் பாறை. கியூபெய் ஒருவனால் ஆகாத காரியம். எல்லோரும் விழித்துக்கொண்டு நின்றோம்.

அதன் பிறகு நொமுரா ஐயா இரண்டு வாள்களையும் கழற்றிப் புல்லின் மேல் வைத்தார். மேலங்கியை வரிந்து கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிக் கியூபெய் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினார். "பதினோரு வருஷமா இந்த மலைக்கு விட மாட்டேன்னு சொன்னவன் நான். இன்னிக்கி கடல்ல போடுங்கன்னும் நானே சொல்லணுமா?" என்றார். வாள் கட்டிய ஒருவர் முழங்கால் அளவு மண்ணில் நிற்பதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

தடை செய்யப்பட்ட வார்த்தை எதுவும் சொல்லப்பட்டதா என்று கேட்டார்கள். இல்லை. ஒல்லாந்தர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாயை இறுக மூடி நின்றார்கள். அவர்கள் ஜெபம் முணுமுணுத்தால் எங்கள் கழுத்துக்குத்தான் ஆபத்து என்பது அவர்களுக்கும் தெரியும். மண்வெட்டிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. வெயில் இருக்கும்போதே பெட்டி நீளவாக்கில் இறங்கியது.

நொமுரா தவிர வேறு யாராவது வெட்டினார்களா என்று கேட்டார்கள். எல்லோரும் வெட்டினார்கள். அவர் இறங்கியதும் கோவில் துறவி இறங்கினார், நான் இறங்கினேன், படகோட்டிகள் கையாலேயே மண்ணை அள்ளினார்கள். பெயர் சொல்லச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். அன்று காவலர்களோடு எழுத்தராக வந்திருந்தவர், இப்போது நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கும் இஷிகுரோ ஐயாதான். அவரும் தம் வாளைக் கழற்றி நொமுரா ஐயாவின் வாள்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினார்.

இந்த இடத்தில் எழுத்தர் தூரிகையை நிறுத்தினார். "வேணும்னா ஒங்க பேர அடிச்சிருங்க ஐயா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் மை தொட்டு, நான் சொன்னபடியே எழுதினார்.

மேலே உள்ளதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை, எல்லாம் நடந்ததுதான் என்று கைரேகை வைக்கிறேன்.

மாட்சுசோ (கைரேகை)

நானும் வெட்டினேன். நடந்தது இதுவே.
எழுத்தர் இஷிகுரோ (முத்திரை)