இரண்டு கோடுகள் சேரும் நேரம்

ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு நாட்கள் நான் அண்ணனின் பந்தயக் காரில் பதிவாகும் தகவல்களைப் படித்துச் சொன்னேன். ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வேலையில் நான் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

விபத்தை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அந்த நாற்காலி ஆடும், சுவரோரம் சாய்ந்து உட்காருங்கள்.

என் வேலை எளிது. நேர்கோட்டில் எட்டு வினாடி ஓட்டம். காரில் உள்ள பதிவுப்பெட்டி வினாடிக்கு நூறு முறை இரண்டு வேகங்களைக் குறித்துக்கொள்ளும். ஒன்று எஞ்சின் சுழலும் வேகம், மற்றது, எஞ்சினைச் சக்கரங்களோடு இணைக்கும் கிளட்சுக்குப் பின்னால் இருக்கும் தண்டு சுழலும் வேகம். திரையில் அவை இரண்டு கோடுகள். புறப்படும்போது கிளட்ச் வழுக்கும், கோடுகள் விலகி நிற்கும். கிளட்ச் முழுதாகப் பிடித்ததும் அவை சேரும். எங்கள் காரில் இரண்டு வினாடிக்குள் சேர வேண்டும். தாமதமானால் உள்ளே தகடுகள் வேகின்றன என்று பொருள். உடனே கழற்றி மாற்ற வேண்டும்.

கழற்றி மாட்ட மெக்கானிக் மாமாவுக்கு ஐம்பது நிமிடம் ஆகும். முதல் வருடம் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றினார். நான் சொன்னதும் அவர் கண்டதும் ஒருமுறைகூட வேறுபடவில்லை. பிறகு, நான் சொன்னால் மட்டும் கழற்றுவது என்றாகிவிட்டது.

"ஊமைச்சி என்ன சொல்றா?" என்பான் அண்ணன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.

"நல்லா இருக்கு."

"இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"விடுடா," என்பார் மாமா. "அவ பேசினா எனக்குத்தான் வேலை. கழட்டச் சொல்லுவா."

மேற்படிப்புக்கு வேறு ஊரில் எனக்கு மூன்று முறை இடம் கிடைத்தது. அண்ணன் கெட்டவன் இல்லை. மூன்று முறையும் தோளில் தட்டிச் சந்தோஷப்பட்டான். "இந்த சீசன் முடியட்டும், நானே கொண்டுபோய் விடறேன்" என்றான். சீசன் முடிவதற்குள் சேரும் தேதி போய்விடும். வேறொருவருக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அவன் உன்னைத்தானே நம்புவான்" என்றாள். அது உண்மைதான்.

நான்காவது கடிதம் வந்தபோது, சேர ஒன்பது நாட்கள் இருந்தன. சீசன் முடியக் காத்திருந்து பயனில்லை, முடித்துவைக்கத்தான் வேண்டும் என்று புரிந்தது.

விபத்து நடந்த அன்று இரண்டாவது ஓட்டத்தில் கோடுகள் மூன்றரை வினாடிக்குப் பிறகே சேர்ந்தன. நான் முதல் ஓட்டத்தின் படத்தைத் திரையில் திறந்துவைத்தேன். நல்லா இருக்கு என்றேன். பிறகு, "தடம் சூடா இருக்கு மாமா, டயர் பிடிக்காம சுத்தும். கிளட்ச்ல ரெண்டு கிராம் எடையைக் குறைச்சிடலாம்" என்றேன். வேகம் ஏற ஏறத் தகடுகளை அழுத்துவது அந்த எடைதான். குறைத்தால் இன்னும் வழுக்கும், இன்னும் வேகும்.

"இன்னிக்கு இவ்ளோ பேசிட்டா, மழைதான்" என்று சிரித்துக்கொண்டே மாமா குறைத்தார்.

தகடு வெடித்தால் துண்டுகளைத் தடுக்கத்தான் கிளட்சைச் சுற்றி எஃகுக் கவசம் இருக்கிறது. வண்டி நின்றுபோகும், சீசன் முடியும். நான் நினைத்தது அவ்வளவே. மூன்றாவது ஓட்டத்தில் தகடு வெடித்தது, கவசமும் பிளந்தது. அண்ணனின் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே போயின.

கல்லூரியில் சேர வேண்டிய நாளில் மருத்துவமனை வராந்தாவில் இருந்தேன். பிறகு இந்த வீடு. அவனைத் தூக்கி உட்காரவைப்பதும் கட்டு மாற்றுவதும் என் பொறுப்பு. நேற்று அவன் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினான். பிரேக், கிளட்ச் எல்லாவற்றையும் கைக்கு மாற்றிவிடலாமாம். "அடுத்த சீசன் இறங்கிடலாம். நீ இருக்கிற தைரியம்தான்" என்றான்.

அதனால்தான் கிளம்பப்போன உங்களை உட்காரச் சொன்னேன்.

நீங்களோ பேனாவை மூடிவிட்டீர்கள். படம் மாறியது கவனக்குறைவு என்கிறீர்கள். அதிர்ச்சியில் சின்னப் பெண் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறாள் என்கிறீர்கள். கவசம் பிளக்கும் என்று யாருக்குத் தெரியும், பாவம், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்கிறீர்கள். நீங்களும் நல்லவர்தான்.

உள்ளறையிலிருந்து அண்ணன் கேட்கிறான். "யாரும்மா அது? இன்னும் போகலையா?"

கதவைத் திறந்துவைக்கிறேன். அவனுக்கும் கேட்கட்டும்.

"அண்ணா, அன்னிக்குக் காலையில கவசத்தைத் துடைச்சது நான்தான். அதுல விரிசல் இருந்துச்சு, நீ கால் வைக்கிற பக்கம். விரல் வச்சு அளந்து பார்த்தேன். அதுக்கப்புறம்தான் எடையைக் குறைக்கச் சொன்னேன்."