வாசப்படிக்கு உள்பக்கம்

காலை இழுத்துக்கோ தம்பி. படிக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும். கஞ்சிய நானே உள்ள தள்ளி விடறேன். பட்டாணிக் கஞ்சிதான், உப்பு கம்மி.

எதுக்கா? அங்க பாரு, அந்தப் பெரிய மரத்துக்குப் பின்னாடி. தெரியுதா, ரெண்டு பேரு. தடியோட நிக்கறவன் ஹாமோ, மாவு ஆலைக்காரன் மகன். இன்னொருத்தன் அவன் தம்பி. நீ கொன்னவனோட கூட்டாளிங்க. கிண்ணத்த வெளியவே வெச்சிடுங்க, பசியில எடுக்க வருவான், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்னு சொல்லித்தான் அனுப்பினானுங்க. தலைய ஆட்டிட்டு வந்தேன். கோயிலுக்குள்ள இருக்கற வரைக்கும் ராஜாவே உன்னத் தொட முடியாது. ஒரு காலு வெளிய வந்துச்சுன்னா நீ அவனுங்களுக்கு.

நான் ஏன் அப்படிச் செய்யலன்னா... நாளைக்கு நீ வாயத் தொறந்து சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. செத்தவன் எப்படிச் சொல்லுவான். குடி, ஆறிப்போகுது.

காவலுக்குப் பொம்பளை வரலாமான்னு கேக்கறியாக்கும். வீட்டுக்கு ஒரு ஆள்னு மணியக்காரர் முறை வெச்சிருக்காரு. நீ ஓடிட்டா ஊர் மொத்தத்துக்கும் தண்டம். இன்னிக்கு எங்க வீட்டு முறை. அறுப்பு நாள்ல இப்படி உக்காரக் கிடைச்சுதே, இடுப்புக்குக் கொஞ்சம் நல்லது.

உள்ள தூக்கம் வருதா? பலிபீடத்தடியில படுத்துக்கிட்டு மூத்திரச் சட்டியையும் பக்கத்துலயே வெச்சிருக்கியாம். சாமியார் மூக்கப் பொத்திக்கிட்டே பூசை வெக்கறாரு. லத்தீன் பாதி மூக்கு வழியா வருது. எங்களுக்கென்ன, முன்னயும் புரியல, இப்பவும் புரியல.

உன்னப் பாக்கறதுக்குன்னே பக்கத்து ஊர்ப் பொம்பளைங்க வந்துட்டுப் போனாங்க. கொலைகாரன்னா தலையில கொம்பு இருக்கும்னு நெனச்சாங்க போல. ஏமாந்துட்டாங்க. இவ்ளோ சின்னப் பையனாடின்னு ஒருத்தி அழுதா. உனக்காகத்தான்.

நீ ஓட்டிட்டு வந்த வாத்துங்களா? ராஜாவுக்குப் போயாச்சு. உன்ன மாதிரி ஆளோட சொத்து ராஜாவுக்குத்தான். ஓட்டிட்டுப் போறப்ப ரெண்டு குறையுதுன்னு மணியக்காரர் கத்துனாரு. சாமியார் வீட்டுக் கொல்லையில இறகு பறந்துக்கிட்டு இருந்துச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல.

சரி, இதக் கேளு. நாளைக்குக் காலைல அதிகாரி வந்துருவாரு, சாவு விசாரிக்கறவரு. இதே வாசல்ல நிக்க வெச்சு, வேதப் புஸ்தகத்து மேல கைய வைக்கச் சொல்வாரு. செஞ்சத ஒத்துக்கணும். இங்கிலாந்து மண்ண விட்டுப் போறேன், ராஜா உத்தரவு இல்லாம திரும்ப மாட்டேன்னு சத்தியம் பண்ணணும். அப்புறம் இடுப்பு வாரு, செருப்பு, தொப்பி எல்லாம் கழட்டிட்டு, கையில ஒரு மரச்சிலுவையக் குடுத்து நடக்க விடுவாங்க. டோவர் துறைமுகம்னு பேசிக்கறாங்க. ராஜபாட்டைய விட்டு எறங்காத, எறங்குனா உனக்குக் காப்பு இல்ல. ஒண்ணுக்குப் போறதுன்னாலும் பாட்டை ஓரத்துலயே போ, வெக்கம் பாக்காத. ஹாமோ பின்னாடியேதான் வருவான்.

கப்பல் கிடைக்கலன்னா தினமும் கடல்ல முழங்கால் அளவுக்கு எறங்கி நிக்கணும். போறதுக்கு மனசு இருக்குன்னு காட்டறதுக்கு. ஆமா, பாக்கறவன் சிரிப்பான். குளிரும். நில்லு.

இப்ப ஒத்துக்கறதச் சொல்லிப் பாரு. நான்தான் அதிகாரின்னு வெச்சுக்கோ. கைய நீட்டு. ஜெபத்துக்கு முட்டி போடற அந்தப் பலகை மேல வெச்சுக்கோ, அதுதான் புஸ்தகம்.

ம்ஹூம். பயிர்க் காவல்காரன் ஒருத்தன அடிச்சேன்னு சொன்னா செல்லாது. யாரக் கொன்னேன்னு பேரச் சொல்லணும். பேரு தப்பாப் போனா சத்தியமே பொய்னு அந்த ரெண்டு பேரும் கூட்டத்துல கத்துவானுங்க, உன்ன வழியிலயே முடிச்சிடுவானுங்க.

தெரியாதா. ம். எப்படித் தெரியும். உன் வாத்துங்க பார்லிக்குள்ள எறங்குச்சு, அவன் ஊதுகொம்ப ஊதிக்கிட்டு வந்து எல்லாத்தயும் பட்டியில அடைச்சான், நீ தடிய ஓங்குன. பேரு விசாரிக்கற நேரமா அது.

கீழ விழுந்த பிறகும் அடிச்சியான்னு அதிகாரி கேப்பாரு. இல்ல, என்கிட்ட சொல்லாத. அவர்கிட்ட சொல்லு.

பேரு ஆஸ்பர்ட். சொல்லு. முழுங்காத, உங்க பக்கத்துல எப்படியோ, இங்க முழுசாச் சொல்வோம்.

அது மட்டும் போதாது. ஊர்ல இன்னொரு ஆஸ்பர்ட் இருக்கான், கொல்லன். அவன் பாட்டுக்கு உசுரோட இரும்படிச்சுக்கிட்டு இருக்கான். அதனால யாரு மகன்னும் சேத்துச் சொல்லணும். அப்பன் பேரு வேண்டாம். இவன் தவழறதுக்கு முன்னாடியே அந்த ஆளு போய்ச் சேந்தாச்சு, ஊர்ல யாருக்கும் நெனப்பில்ல. அம்மா பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. ஹாவிஸ் மகன் ஆஸ்பர்ட்.

சத்தமா. அதிகாரிக்குக் காது மந்தம். மரத்தடியில இருக்கறவங்களுக்கும் கேக்கணும்.

ம். இப்ப சரியா இருக்கு.

ஹாவிஸா? நான்தான்.

கைய எடுக்காத. அப்படியே வெச்சுக்கோ. இன்னொரு தரம் சொல்லு.